ஏழுவாயை உட்கார வைத்த நாத்தனார்

என் நாத்தனாரைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் இருக்கிறார், என் முதலாளி இருக்கிறார், மாடி வீட்டு டெய்லரம்மா இருக்கிறார். அதனால் நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. லேசுப்பட்ட பொறாமை இல்லை, வயிறு பற்றிக்கொண்டு எரிகிற பொறாமை. நேரில் பார்த்தால் அக்கா, வாங்க, உட்காருங்க. மனசுக்குள் அவள், இவள்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பூதம் வரைகிறவள். கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கிற சின்ன கம்பெனி, மொத்தம் இருபத்திரண்டு பேர். கீழே டயர் கடை, மேலே நாங்கள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ரப்பர் வாசனையைப் பற்றித்தான் சொல்வார்கள். அங்கே எனக்குப் பெயரே பூதக்காரி. பன்னிரண்டு வருடத்தில் நாற்பத்தாறு பூதங்கள் வரைந்திருக்கிறேன். அதில் கடைசி, பெரியது, ஏழுவாய். முகத்தில் ஒன்று, தோளில் இரண்டு, உள்ளங்கையில் இரண்டு, வயிற்றில் ஒன்று, முதுகில் ஒன்று என்று ஏழு வாய். மூன்று வருட வேலை அது. ஒவ்வொரு பல்லும் நான் போட்டது. அதன் உறுமல்கூட என் குரல்தான். குளியலறையில் காலி வாளிக்குள் தலையை விட்டுக் கத்திப் பதிவு செய்தேன். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அது வரும், ஆடுகிறவர் நடுங்க வேண்டும், செத்துச் செத்துப் பிழைத்துக் கடைசியில் அதை வெட்டிச் சாய்க்க வேண்டும். முடிந்ததும் திரையில் பெயர்கள் ஓடும். அதில் 'பூதங்கள்' என்று போட்டு என் பெயர் மட்டும் தனியாக வரும் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

என் நாத்தனார் ஏழுவாயை முதல்முறை பார்த்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். காகிதத்தில் வரைந்து வைத்திருந்தேன். பார்க்கிற எல்லோரும் ஒரு அடி பின்னால் போகிற படம். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏம்மா, இது சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

எனக்கு முகம் தொங்கிப்போனது.

அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போனபோது என் வீட்டுக்காரருக்குப் பதின்மூன்று வயது, அவளுக்கு இருபது. தம்பியைப் படிக்க வைத்து லிஃப்ட் மெக்கானிக் ஆக்கியது அவள்தான். இடையில் கல்யாணம் என்ற ஒன்றை மறந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "யாரும் கேக்கல, நானும் ஞாபகப்படுத்தல" என்பாள். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நானாக இருந்தால் தினம் ஒருமுறை தம்பிக்குச் சொல்லிக் காட்டியிருப்பேன். அவள் சொல்லிக் காட்டியிருந்தாலாவது எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

பதினேழு வருடம் குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுன்டரில் உட்கார்ந்தவள். குழாயில் தண்ணீர் வராதவன், வந்த தண்ணீரில் புழு கண்டவன், தெருவே குளமானவன் எல்லோரும் அவள் முகத்தில்தான் கத்துவார்கள். ஒருவர் கலங்கல் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து அவள் மேசை மேலேயே ஊற்றிவிட்டாராம். இவள் பதிவேட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எந்தத் தெரு சார்?" என்றாளாம். இதை என் வீட்டுக்காரர் ஆயிரம் தடவை சொல்லிவிட்டார், ஒவ்வொரு தடவையும் பெருமை பொங்கச் சொல்வார். நான் மூன்று வருடம் பட்ட பாட்டைப் பற்றி அவர் அக்கம்பக்கத்தில் சொல்வது, "வீட்டுக்காரி ஏதோ பொம்மை போடுறா."

புகாரையெல்லாம் போனிலேயே போடலாம் என்று ஆனதும் கவுன்டரை மூடிவிட்டார்கள். அவள் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடவில்லை, என் சமையலில் குறை சொல்லவில்லை, என் பொருளைத் தொடவில்லை. பகல் முழுக்க இருந்த இடம் தெரியாமல் இருந்தாள். அப்படிப்பட்டவளை எதைச் சொல்லி வெறுப்பது? ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் டெஸ்டர் வேலைக்கு ஆள் தேவை என்றதும் நானே அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பகலிலாவது வீடு எனக்கு மிஞ்சும் என்று நினைத்தேன். நானும் பகலில் கம்பெனியில்தான் இருக்கிறேன் என்பது எப்படியோ மறந்துபோய்விட்டது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

டெஸ்டர் வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாளெல்லாம் ஆட்டத்தை ஆட வேண்டும், எங்கே கோளாறு என்று பார்த்து ஒரு படிவத்தில் எழுத வேண்டும். நடந்தது என்ன, நடக்க வேண்டியது என்ன, பாதிக்கப்பட்டது யார். அவ்வளவுதான்.

அவளைப் பற்றி மேலே சொல்வதற்கு முன்னால் என் சித்தாந்தம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாக, ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பூதத்தைக் கண்டதும் ஒரு ஆள் என்ன செய்கிறார் என்று காட்டுங்கள், அவர் வீட்டில் எப்படி என்று சொல்லிவிடுவேன். பார்க்கப் பயில்வான் மாதிரி இருந்த லாரி ஓனர் ஒருவர், பூதம் தும்மியதற்கே பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு இருபது நிமிடம் வெளியே வரவில்லை. குரலே எழும்பாத ஒரு டீச்சரம்மா, செத்த பூதத்தை இன்னும் பதினோரு வெட்டு வெட்டினார், பிறகு தண்ணீர் கேட்டுக் குடித்தார். பல் டாக்டர் ஒருவர் சண்டையே போடவில்லை, எத்தனை அடிக்கு எவ்வளவு ரத்தம் குறைகிறது என்று தாளில் குறித்துக்கொண்டே இருந்தார். ஆளின் குணம் முகத்தில் தெரிவதைவிட பூதத்துக்கு முன்னால்தான் தெரியும். நான் பூதத்தின் பக்கம் நிற்கிறவள் என்று என்னைப் பற்றி ஒரு நினைப்பு எனக்கு.

இதைக் கேட்டுவிட்டு முதலாளி ஒருநாள் நாற்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரித்து எல்லோருக்கும் கொடுத்தார். வெட்டுகிறவர், ஓடுகிறவர், அளக்கிறவர் என்று மூன்று வகை. எனக்கு வந்தது வெட்டுகிறவர், நாற்பதுக்கு முப்பத்தெட்டு. கம்பெனியிலேயே அதிகம். "பூதக்காரியே பூதத்தை இப்படி வெட்டினா எப்படி?" என்று முதலாளி சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். என் நாத்தனார் எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை. 'குகைக்குள் மூச்சுச் சத்தம் கேட்கிறது, என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு ஓரத்தில், 'மூச்சு வாங்குவது யார்? வயதானவரா?' என்று எழுதியிருந்தாள். முதலாளி அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டார். ஒவ்வொரு தடவை தண்ணீர் பிடிக்கப் போகும்போதும் நான் அதைக் கடந்துதான் போக வேண்டும்.

அப்புறம் அவள் எழுதிய ரிப்போர்ட்டுகள். பதினேழு வருடப் பழக்கம் விடுமா? கம்பெனிப் படிவத்தைக் குடிநீர் அலுவலகத்துப் புகார் மனு என்றே நினைத்துவிட்டாள். 'பாதிக்கப்பட்டது யார்?' என்ற இடத்தில் எந்த கம்ப்யூட்டர், எந்த ஆட்டக்காரர் என்று எழுத வேண்டும். அவள் பூதத்தின் பெயரை எழுதினாள்.

'பாதிக்கப்பட்டது: ஏழுவாய். நடந்தது: தூங்கிக்கொண்டிருந்தபோது காலில் வெட்டினார்கள். நடக்க வேண்டியது: முதலில் எழுப்ப வேண்டும்.'

பூதங்களைப் பற்றிய ரிப்போர்ட் எல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். 'பிழை அல்ல' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் கதை முடிந்தது. முதல் வரியைப் படிப்பேன், அழுத்துவேன். இரண்டு மாதத்தில் முப்பத்தொரு ரிப்போர்ட்டை அப்படி மூடினேன். ஒன்றையும் முழுசாகப் படிக்கவில்லை. மூடுகிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் பனி பெய்த மாதிரி இருக்கும், மறைக்க விரும்பவில்லை. அவள் ஒருநாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் காலையில் அடுத்ததை அனுப்பிவிடுவாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அக்காவும் தம்பியும் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என் ஆட்டம் எதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆடாத மனுஷன். "எனக்குத் தலை சுத்துதும்மா" என்பார். இப்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் தலை சுற்றுவதில்லை.

"அடிக்காதடா தம்பி. கொஞ்சம் நில்லு. அது எங்க பாக்குதுன்னு பாரு."

"இடது பக்கம் பாக்குதுக்கா."

"அங்க என்ன இருக்கு?"

"அட, அதோட கூடு!"

அந்தக் கூட்டை நான்தான் வரைந்தேன். வேர்களைப் பின்னிப் பின்னி நாலு நாள் உட்கார்ந்து வரைந்தேன். எவனும் கவனித்ததில்லை. கவனிக்க ஒருத்தி வந்தாள், அது அவளாகவா இருக்க வேண்டும்? அறை வாசலில் காபியோடு நின்றேன், இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறிய காபியை நானே குடித்தேன்.

அந்தச் சமயம் பார்த்து எனக்குக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கியே ஆக வேண்டும் என்றார்கள், மூன்று நாள் லீவு போட்டேன். வெளி ஆட்களை வரவழைத்து ஆட விட்டுப் பார்க்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தேங்கிக் கிடக்கிற ரிப்போர்ட்டையெல்லாம் உடனே முடிக்கச் சொல்லி முதலாளி எங்கள் ப்ரோகிராமரிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பையனுக்கு கம்பெனியில் பெயர் 'சரிங்க'. எதைச் சொன்னாலும் சரிங்க என்பான், சொன்னதைச் செய்துவிடுவான், ஏன் என்று மட்டும் கேட்க மாட்டான். என் நாத்தனாரின் முப்பத்திரண்டாவது ரிப்போர்ட் அவன் கையில் சிக்கியது.

'பாதிக்கப்பட்டது: ஏழுவாய். நடந்தது: நான் வாளைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. நடக்க வேண்டியது: அடிக்க ஆளில்லை என்று தெரிந்தால் நிறுத்த வேண்டும். களைத்திருக்கிறது. உட்கார வேண்டும்.'

வேறு எவனாக இருந்தாலும் சிரித்திருப்பான். இவன் எழுந்து அவள் மேசைக்குப் போனான்.

"எவ்வளவு நேரம் கழிச்சு உட்காரணுங்க?"

"கோவம் அடங்கினதும்."

"அது எத்தனை செகண்டுங்க?"

அவள் யோசித்தாளாம். "எங்க கவுன்டர்ல நாலு நிமிஷம் ஆகும்."

"சரிங்க" என்று போய் இருநூற்று நாற்பது என்று போட்டுவிட்டான். ஏழுவாய் உட்காருகிற மாதிரி அசைவையும் அவனே பழைய கரடி ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டான். நான் வீட்டில் கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வெளி ஆட்கள் வந்த அன்று வீங்கிய கன்னத்தோடு போனேன். முப்பது பேர். மதியம் வரை எல்லாம் வழக்கம் போலத்தான், வெட்டுகிறவர் வெட்டினார், ஓடுகிறவர் ஓடினார். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாவுக்கு ஏழுவாய் வருகிற நேரத்தில் போன் வந்தது. வாளைக் கீழே போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று நீளமான பேச்சு. திரையில் ஏழுவாய் அந்த அம்மாவின் கேடயத்தில் அடித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தது. அப்புறம் நின்றது. ஒவ்வொரு வாயாக மூடியது. கால்களை மடக்கி, கரடி மாதிரி, தரையில் உட்கார்ந்தது.

"இருடி, அப்புறம் பேசறேன்" என்றார் அந்த அம்மா.

அப்புறம் அவர் கீபோர்டைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள். முப்பது பேரும் ஒரு திரையின் முன்னால் சத்தமில்லாமல் நின்றார்கள். பயில்வான் மாதிரி ஒரு ஆள் மூக்கை உறிஞ்சினார். என் பூதம், நான் பெற்றது, இன்னொருத்தியின் சொல்லைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறது. என் மூன்று வருடத்தில் அது எனக்காக ஒருமுறைகூட உட்காரவில்லை. உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவும் இல்லை. அந்த நிமிடத்தில் அவளைத் தூக்கி ஜன்னல் வழியாக டயர் கடை மேல் போட்டிருப்பேன்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "யாரோட யோசனை இது? யாருப்பா?"

சரிங்க என் நாத்தனார் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வரையும்போதே என் மனசுல இருந்தது சார்."

வீங்கிய கன்னத்தோடு குழறித்தான் சொன்னேன், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. சரிங்க என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நான் பார்த்து முதல்முறையாக அவன் சரிங்க என்று சொல்லவில்லை. என் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

என் நாத்தனார் நிதானமாக, "ஆமா சார். அது முகத்துலயே இருந்தது. அதைப் பாத்துத்தான் நான் எழுதினேன்" என்றாள்.

காட்டிக் கொடுத்திருந்தால் தாங்கியிருப்பேன். சண்டை போட்டு ஜெயித்திருப்பேன் அல்லது தோற்றிருப்பேன், இரண்டும் எனக்குப் பழக்கம். காப்பாற்றிவிட்டாளே, அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

பொய் சொன்னதற்குக் கைமேல் பலன் கிடைத்தது. மற்ற பூதங்களில் ஐந்தையும் இதே மாதிரி மாற்றிக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. இரண்டு வாரம் கெடு. "உங்க மனசுல இருக்கறதுதானே, கொட்டுங்க" என்றார். கொட்ட உள்ளே ஒன்றும் இல்லை. உட்கார வைத்துப் பார்த்தால் ஒன்று தூங்கி வழிந்தது, இன்னொன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. வெட்டுகிறவள் வரைந்தால் வெட்டுப்படுகிற பூதம்தான் வரும் போல. பத்து நாள் போய்விட்டது. மாற்றித் தராவிட்டால் குட்டு உடையும், பெயர் போகும், ஏழுவாய் அவளுடையது என்று ஆகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேறு வழியில்லாமல், நான் மூடிப் போட்ட முப்பத்தொரு ரிப்போர்ட்டையும் வீட்டு மேசையில் திறந்தேன். திருடத்தான். முதல் வரிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறாள் என்று அன்றுதான் பார்க்கிறேன். 'முதுகில் உள்ள வாய் ஒருமுறையும் திறக்கவில்லை. அழுவதற்காக வைத்திருக்கலாம். வரைந்தவரிடம் கேட்கவும்' என்று ஒன்றில் இருந்தது. ஏழு என்ற எண்ணிக்கைக்காகப் போட்ட வாய் அது. இருபத்தாறாவது ரிப்போர்ட் நீளமாக இருந்தது. கோபத்தில் இருக்கும் பூதத்திடம் நடந்துகொள்ளும் முறை. கிட்டே போகக் கூடாது, விட்டுவிட்டும் போகக் கூடாது. கத்தும்போது பதில் சொல்லக் கூடாது, அது நம்மைப் பார்த்துக் கத்துவது இல்லை. அதன் கண்ணில் படுகிற இடத்திலேயே இருந்து நம் வேலையைப் பார்க்க வேண்டும். தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைக்கும், அதனால் நமக்குள் கிசுகிசுக்கக் கூடாது. அடங்கியதும் அதுவாக வரும். வந்ததும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். படித்ததும் பக்கென்று சிரித்துவிட்டார்.

"அட, இதை இங்கயும் எழுதிட்டாளா?"

"எதை?"

"இதைத்தான். கல்யாணமான புதுசுல அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது. நீ ஒருநாள் டம்ளரைத் தூக்கிப் போட்டு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். துண்டு தலையிலேயே நின்றது.

"யாருகிட்ட நடந்துக்கறதுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாருகிட்டன்னா... பொதுவா. பொதுவாச் சொன்னாங்க."

"ஒன்பது வருஷமாவா?"

அவர் காய்ந்த தலையை மறுபடியும் துவட்டினார். வேறு என்ன செய்வார்?

நான் கத்தினேன். வாளி இல்லாமலே கத்தினேன். என் வீட்டில் என்னையே ஒரு மிருகம் மாதிரி வைத்து ஆள ரெண்டு பேரும் பாடம் நடத்தியிருக்கிறீர்களா, நான் பூதமா, எனக்கு எத்தனை வாய் என்று எண்ணிச் சொல்லுங்கள், என் தொழிலையும் பிடுங்கினீர்கள், என் புருஷனையும் பிடுங்கினீர்கள், என் கோபத்தையாவது எனக்கு விட்டு வைத்தீர்களா. என் நாத்தனார் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேசை மேல் திறந்திருந்ததைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். ஹாலில் சோபாவின் ஒரு கோடியில் போய் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் மறு கோடியில் உட்கார்ந்து, அறுந்துபோன இஸ்திரிப் பெட்டி வயரைப் பிரித்தார்.

அப்போதுதான் உறைத்தது. எழுதியிருந்ததை அப்படியே செய்கிறார்கள்! என் கண்ணெதிரே!

படுக்கையறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, ஒரு கை அகலத்துக்குத் திறந்துகொண்டது. கட்டிலில் உட்கார்ந்தால் இருவரும் நேராகத் தெரிந்தார்கள். கிசுகிசுக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று காத்திருந்தேன். கிசுகிசுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எழுந்து போகவும் இல்லை.

ஒன்பது வருடச் சண்டைகளும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொரு தடவையும் நானாகத்தான் சமாதானமாகி, போனால் போகட்டும் என்று பெரிய மனசு பண்ணி வெளியே வந்ததாக நினைத்திருந்தேன். எல்லாத் தடவையும் இந்த மனுஷன் இப்படித்தான் ஏதாவது ஒரு வயரைப் பிரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லிக் கொடுத்து. நான் பிறந்த வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். யாரும் உட்கார்ந்திருந்ததில்லை. அதை நினைத்து அழுதேன். என்னைவிட என்னை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

பிறகு எழுந்து ஹாலுக்குப் போனேன். இருவரும் தலை நிமிரவில்லை. சோபாவில் நடுவில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். அவள் மடித்த துணியில் பாதியை என் மடிக்கு நகர்த்தினாள். நான் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தேன்.

"முதல்லல்லாம் எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

"ஒரு நாள் முழுக்க. சில சமயம் ரெண்டு நாள்." துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்பல்லாம் அரை மணிதான்."

என் வீட்டுக்காரர் வயரை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு உறை மடித்தபிறகு வாயைத் திறந்தேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய். ஏழுவாய் உட்கார்றது உங்களோடது. நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடறேன். திரையில உங்க பேரு வரட்டும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வேண்டாம்மா என்பாள், எனக்கெதுக்குப் பேரும் புகழும் என்பாள், நீ வரைஞ்சதுதானே என்பாள். அவள் குணம் எனக்குத் தெரியாதா? மூன்று பதிலையும் எதிர்பார்த்து, கொஞ்சம் வற்புறுத்திவிட்டுப் பிறகு ஒத்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் தயாராகவே இருந்தேன்.

"சரிம்மா" என்றாள். "பேரை எழுத்துப் பிழை இல்லாம போடச் சொல்லு."

ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம். குப்பென்று எரிந்தது வயிறு, பழைய எரிச்சலெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி. அடுத்த உறையை எடுத்து, எழுந்து போகாமல், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மடித்தேன்.